வம்ப மாரி: இளையோர் காலநிலைப் புனைவுக்கு ஓர் அறிமுகம்

சனிக்கிழமை பின்னேரங்களில் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மாடி வீட்டு முன்னறையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுடன் இருந்து கதை வாசிக்கிறேன். இது ரியூசன் இல்லை. சோதினைக்கு உதவாது என்று தெரிந்தும் அனுப்புகிற அம்மாமாருக்கு நன்றி. அண்மையில் ஒருநாள், "அடுத்த சில கிழமைக்கு காலநிலை மாற்றம் வருகிற இளையோர் கதைகள் வாசிப்பம்" என்றேன். பத்தாம் வகுப்புப் பொடியன் ஒருவன் உடனே கேட்டான்: "மிஸ், உலகம் அழியிற கதையோ?" பக்கத்தில் இருந்தவள் அவனைத் திருத்தினாள்: "இல்லையடா, மரம் நடுற கதை."

பெரியவர்களைக் கேட்டாலும் இந்த இரண்டு பதிலில் ஒன்றுதான் வரும். ஒன்றில் எல்லாம் முடிந்துபோகும். அல்லது எல்லாரும் கைகோத்து ஒரு கன்று நட்டுப் படம் எடுப்பார்கள். இந்த வகைக் கதைகளில் நல்லவை இந்த இரண்டையும் தொடுவதில்லை. அவை எதைத் தொடுகின்றன என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பெயர். 'இளையோர் புனைவு' என்பது ஆங்கிலத்தில் 'யங் அடல்ட்' என்று சொல்லப்படுவது. அமெரிக்க நூலகர்கள் அதற்குப் 12 முதல் 18 வரை என்று வயது வைத்திருக்கிறார்கள். தமிழில் இந்த அலுமாரித் தட்டு இன்னும் சரியாக நிரம்பவில்லை. முயலும் ஆமையும் வாசித்து முடித்த பிள்ளை நேரே ஐந்து பாகச் சரித்திர நாவலுக்குத் தாவ வேண்டியிருக்கிறது. இடையில் கிடக்கிற ஆறேழு வருடம், குரல் உடைகிற, முகப்பரு வருகிற, அப்பாவுக்கும் பயம் வரும் என்று முதன்முதலாகக் கண்டுபிடிக்கிற அந்த வருடங்கள், வாசிக்க ஒன்றும் இல்லாமல் போகின்றன. இளையோர் புனைவில் கதை சொல்கிற ஆளுக்கும் வாசிக்கிற ஆளுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. வளர்ந்த ஒருவர் திரும்பிப் பார்த்து "அப்போது எனக்கு விளங்கவில்லை" என்று சொல்கிற குரல் அதில் இராது. விளங்காமல் இருப்பது அந்தப் பக்கத்திலேயே நடந்துகொண்டிருக்கும்.

'காலநிலைப் புனைவு' என்ற பெயர் புதிது. 'சை-ஃபை' போல 'க்ளை-ஃபை' என்ற சொல்லை இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டின் கடைசிப் பகுதியில் உருவாக்கியவர் டான் ப்ளூம் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர். (பிள்ளைகளில் ஒருத்தி அதைக் 'கிளை-ஃபை' என்று கொப்பியில் எழுதிவைத்திருந்தாள். அறிவியல் புனைவின் ஒரு கிளைதானே, திருத்தாமல் விட்டேன்.) பெயர் வருமுன்பே கதை வந்துவிட்டது. 1962இலேயே ஜே. ஜி. பலார்ட் வெப்பம் கூடி மூழ்கிப்போன லண்டனை எழுதினார். ஆனால் அந்த நாவலில் குற்றவாளி சூரியன். இன்றைய காலநிலைப் புனைவில் குற்றவாளி நிலக்கரியும் எண்ணெயும் எரித்த மனிதர். கதையின் தர்மசங்கடம் முழுவதும் அந்த வித்தியாசத்தில்தான் தொடங்குகிறது.

கொஞ்சம் விஞ்ஞானம். இன்றைக்குப் பெய்கிற மழை வானிலை. ஓரிடத்தில் முப்பது வருடம் பெய்த மழையைச் சேர்த்துப் பார்த்தால் தெரிகிற குணம் காலநிலை. ஒரு நாள் கோபப்பட்டவரைக் கோபக்காரர் என்று சொல்ல மாட்டோம், முப்பது வருடம் பழகிய பிறகு சொல்லலாம் அல்லவா, அதே கணக்கு. பூமியின் சராசரி வெப்பம் தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையிலிருந்து 2011–2020 பத்தாண்டில் ஏறக்குறைய 1.1 பாகை செல்சியஸ் உயர்ந்திருந்தது. 2024ஆம் ஆண்டு 1.5 பாகையையும் தாண்டியது. ஒரு பாகை என்றால் கேட்க ஒன்றுமில்லைப் போல இருக்கும். ஆனால் ஒரு பாகை சூடேறிய காற்று ஏறத்தாழ 7 வீதம் கூடுதலாக நீராவியைச் சுமக்கும். சுமந்ததை ஓரிடத்தில் இறக்கும்போது மழை வாளியால் ஊற்றுகிற மாதிரி வருகிறது.

ஆனால் கொழும்பில் இருந்து எழுதுகிற எவரும் வானத்தோடு நிறுத்திக்கொள்ள முடியாது. இந்த ஊரின் வெள்ளத்துக்குத் தாய் வானம் என்றால், தகப்பன் சதுப்பு நிலத்தில் கொட்டிய மண். மழை நீரை உறிஞ்சி வைத்திருந்து மெதுவாக விடுகிற சதுப்புகளை நிரப்பித்தான் நகரத்தின் பெரும்பகுதி வளர்ந்தது. மிச்சமிருக்கும் சதுப்புகளுக்காக 2018இல், ராம்சார் என்கிற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ், கொழும்புக்கு ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. அது பெருமைதான். கதை எழுதுகிறவர் இரண்டையும் ஒரே பக்கத்தில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் 'காலநிலை மாற்றம்' என்பது வாய்க்காலை அடைத்தவர்கள் எல்லாரும் தப்பிக்கிற வழியாகிவிடும்.

எல்லா அழிவும் காலநிலை மாற்றம் அல்ல என்பதில் எங்கள் முன்னறையில் பெரிய வாக்குவாதமே நடந்தது. 2004 சுனாமி? கடலடி நிலநடுக்கம், இதில் சேராது. 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து நீர்கொழும்புக் கரையெல்லாம் பிளாஸ்டிக் மணி ஒதுங்கியது? சூழல் மாசு, காலநிலை இல்லை. 2017 சித்திரைப் புத்தாண்டு நாளில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்தது? அது நகரம் தன் குப்பையை ஏழைகளின் கூரைக்குமேல் குவித்த கதை. "அப்ப டெங்கு?" என்றான் பொடியன். 2017இல் இலங்கையில் 186,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு என்று பதிவானது. மழையும் சூடும் நுளம்புக்கு வசதி செய்து கொடுக்கின்றன, தேங்காய்ச் சிரட்டையை நாங்கள் வைத்துக் கொடுக்கிறோம். பாதி சேரும் என்று தீர்ப்புச் சொன்னேன். இந்தப் பாதித் தீர்ப்புகள்தான் கதைக்கு நல்ல மண்.

இனி உதாரணங்கள். எனக்கு மிகவும் பிடித்தது பாவ்லோ பச்சிகலூபியின் 'ஷிப் பிரேக்கர்'. 2010இல் வந்தது, அடுத்த வருடம் இளையோர் நூல்களுக்கான பிரின்ட்ஸ் விருது வாங்கியது. எண்ணெய்க் காலம் முடிந்து, கடல் ஊர்களை விழுங்கிய ஒரு வருங்கால அமெரிக்க வளைகுடாக் கரை. அங்கே நெயிலர் என்ற பையன், கரைதட்டிய பழைய எண்ணெய்க் கப்பல்களின் குழாய்களுக்குள் ஊர்ந்து போய்ச் செப்புக் கம்பி உருவுகிறான். அவனுடைய பெரிய பயம் புயலோ கடலோ அல்ல. அவன் வளர்ந்துகொண்டிருக்கிறான். இன்னும் கொஞ்சம் வளர்ந்தால் குழாய்க்குள் உடம்பு போகாது, வேலை போய்விடும். எல்லாப் பிள்ளைகளும் எப்போது வளர்வோம் என்று காத்திருக்கும் வயதில், இவன் ஏன் வளர்கிறோம் என்று அஞ்சுகிறான். சூழலின் முழுக் கொடுமையையும் ஒரு பையனின் தோள் அகலத்தில் சொல்லிவிட்டார் ஆசிரியர். ஒரு வரி புள்ளிவிவரம் இல்லை.

சாசி லொயிட் எழுதிய 'த காபன் டயரீஸ் 2015' வேறு மாதிரி. 2008இல் வெளிவந்தபோது 2015 என்பது வருங்காலம். பிரித்தானியாவில் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு காபன் செலவழிக்கலாம் என்று பங்கீடு வந்துவிடுகிறது. லண்டனில் பதினாறு வயது லோரா நாட்குறிப்பு எழுதுகிறாள். குடும்பம் பிய்கிறது, அவளுக்கு அவளுடைய இசைக்குழுதான் உலகம், இடையிடையே கரண்ட் இல்லை, கடைசியில் தேம்ஸ் நதி பெருகுகிறது. 2022இல் பதின்மூன்று மணி நேர மின்வெட்டையும் கியூஆர் குறியீட்டைக் காட்டி வாங்கிய பங்கீட்டுப் பெற்றோலையும் கண்ட கொழும்புப் பிள்ளைகளுக்கு இந்தப் புத்தகத்தை விளக்க வேண்டியதே இல்லை. "இதெல்லாம் ஒரு கஷ்டமோ" என்று சிரித்தார்கள். எங்கள் மின்வெட்டுக்குக் காரணம் டொலர் இல்லாத கஜானாதான். ஆனாலும் வரிசையில் நின்ற கால் வலி ஒன்றுதானே.

மும்பையில் ஒரு காலை பழுப்பு நிற மேகம் வந்து நிற்கிற பிஜல் வச்சராஜனியின் 'எ கிளவுட் கால்ட் பூரா' (2019) இவற்றைவிடச் சிறிய வயதுக்காரருக்கானது. 'பூரா' என்றால் ஹிந்தியில் பழுப்பு. எங்கள் பக்கத்துத் தெருக்களின் வாசம் அடிக்கிற புத்தகம், தொடங்குகிறவர்களுக்கு அதைத்தான் கையில் கொடுப்பேன். ஒக்டேவியா பட்லர் 1993இல் எழுதிய 'பாரபிள் ஒஃப் த சோவர்' கொஞ்சம் கடுமையானது. 2024இல் தொடங்குகிறது, பதினைந்து வயது லோரன், பெற்றோலைவிடத் தண்ணீர் விலை கூடிப்போன கலிபோர்னியாவில் இருக்கிறாள். பெரியவர்கள் நல்ல காலம் திரும்பிவரும் என்று காத்திருக்கும்போது, அவள் ஓட வேண்டி வந்தால் எடுத்துக்கொண்டு போக ஒரு பையைக் கட்டிவைக்கிறாள்.

அந்தப் பையில் எங்கள் வாசிப்பு நின்றுவிட்டது. ஏனென்றால் வெள்ளவத்தையில் அந்தப் பை இல்லாத வீடு குறைவு. என் அம்மாவிடம் ஒரு பிஸ்கட் ரின் இருந்தது. அதற்குள் சொப்பிங் பேக், அதற்குள் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், கலியாணப் பதிவு, அடையாள அட்டைப் பிரதி. 83 கலவரத்திலும் 95 இடம்பெயர்விலும் அந்த ரின் எங்களோடு வந்தது. ஒரு பிள்ளை சொன்னாள், "அம்மம்மா மழை கூடினாலும் அதைத்தான் முதல்ல தேடுவா, மிஸ்." இடம்பெயர்வு என்ற சொல்லை நாங்கள் போரிலிருந்து கற்றோம். இப்போது அதே சொல்லை வெள்ளத்துக்கும் பாவிக்கிறோம். இரண்டுக்கும் வித்தியாசம் என்னவென்றால், போரில் யார் குண்டு போட்டது என்று தெரியும். வெள்ளத்தில் யாரைத் திட்டுவது? ஓர் இலங்கையர் சராசரியாக வெளியிடும் காபனீரொட்சைட்டு உலகச் சராசரியில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவுதான். வில்லன் தூர தேசங்களில், நூறு வருடப் புகைபோக்கிகளில், கொஞ்சம் எங்கள் சொந்த ஏசி அறையிலும் பரந்து கிடக்கிறான். வில்லனைக் காட்ட முடியாத கதையை எப்படிச் சொல்வது என்பதுதான் இந்த வகை எழுத்தின் தொழில்நுட்பச் சிக்கல். பல எழுத்தாளர்கள் இங்கே வழுக்கி ஒரு கெட்ட முதலாளியைப் பிடித்துவந்து முடித்துவிடுகிறார்கள். அதை நான் சோம்பல் என்பேன்.

இன்னொரு சிக்கலை இந்திய நாவலாசிரியர் அமிதாவ் கோஷ் 2016இல் வந்த 'த கிரேட் டிரேஞ்ச்மென்ட்' என்ற கட்டுரை நூலில் எடுத்துப் பேசினார். நவீன நாவல் நம்பத்தகுந்த அன்றாடத்தில் வளர்ந்தது. அதனால் நம்ப முடியாத பெருவெள்ளத்தையும் புயலையும் 'தீவிர' எழுத்து ஒதுக்கிவிட்டது என்பது அவர் வாதத்தின் சாரம். 2010 நவம்பரில் தியவன்னா வாவி பெருகி எங்கள் பாராளுமன்றத்துக்குள்ளேயே தண்ணீர் வந்தது. அதைக் கதையில் எழுதியிருந்தால் 'மலிவான குறியீடு' என்று விமர்சகர் வெட்டியிருப்பார்.

இப்போது எங்கள் சொந்தப் பெட்டியைத் திறப்போம். தொல்காப்பியம் கவிதையின் பொருளை முதல், கரு, உரி என்று பிரிக்கிறது. முதற்பொருள் நிலமும் பொழுதும். கருப்பொருள் அந்த நிலத்து மரம், பறவை, தொழில், உணவு. உரிப்பொருள் காத்திருத்தல், பிரிதல், ஊடல் போன்ற மன நிலை. பாடப் புத்தகத்தில் இதை அட்டவணையாகப் பாடமாக்கி வைத்துவிட்டு மறந்துவிடுகிறோம். அதில் மறைந்திருக்கும் செய்தி, நிலமும் பருவமும் மேடைக்குப் பின்னால் தொங்குகிற சீலை அல்ல என்பது. மழை வரும் என்பதால்தான் முல்லைப் பெண் காத்திருக்க முடிகிறது.

குறுந்தொகையின் 66ஆம் பாட்டைப் பாருங்கள். கார்காலத்தில் திரும்பி வருவேன் என்று சொல்லிப் போனவன் வரவில்லை. கொன்றை பூத்துவிட்டது. அவள் கலங்குகிறாள். தோழி சொல்கிறாள்: இந்தக் கொன்றைகள் மடத்தனமானவை, 'வம்ப மாரியைக் கார் என மதித்தே' பூத்துவிட்டன. வம்ப மாரி என்றால் காலம் தப்பிப் பெய்த மழை. தோழி உண்மையைத்தான் சொல்கிறாளா, அல்லது ஆறுதலுக்குப் பொய் சொல்கிறாளா என்பதில் பாட்டின் அழகு இருக்கிறது. நான் கேட்பது வேறு. வம்ப மாரி எப்போதாவது ஒருமுறை பெய்தால் அது ஆறுதல் பொய். வருடா வருடம் பெய்தால்? எது கார், எது வம்பு என்று கொன்றைக்கும் தெரியாது, தோழிக்கும் தெரியாது, 'கார்காலத்தில் வருவேன்' என்ற வாக்குக்கும் பெறுமதி இல்லை. முதற்பொருள் ஆடினால் உரிப்பொருள் ஆடும். காலநிலைப் புனைவை ஒரு வரியில் விளக்கு என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். 'இளையோர்' என்ற சொல்லும் இங்கேதான் வந்து பொருந்துகிறது. பதினாறு வயதில் வாழ்க்கை முழுவதும் வாக்குகளால் ஆனது. இந்தச் சோதினை பாஸானால் அது, உயர்தரம் எடுத்தால் இது, பிறகு கம்பஸ், பிறகு வேலை. பெரியவர்கள் காலண்டரைக் காட்டிக் கொடுத்த வாக்குகள். அந்தக் காலண்டரே வம்ப மாரியில் நனைந்தால் என்ன ஆகும் என்பதுதான் கதை.

அந்த நனைதலை 2025 நவம்பர் கடைசியில் நாடு முழுக்கப் பார்த்தது. டித்வா சூறாவளி இலங்கையில் 600க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. மலையகத்தில் மண்சரிவு, இங்கே களனி கங்கை கரை புரண்டது. நடந்துகொண்டிருந்த உயர்தரப் பரீட்சையை இடையில் நிறுத்தி, மிச்சப் பாடங்களை ஜனவரிக்குத் தள்ளினார்கள்.

எங்கள் குழுவில் வெல்லம்பிட்டியிலிருந்து வருகிற பதினைந்து வயதுப் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். ஒரு கதை எழுதி வாருங்கள் என்றபோது அவள் கொண்டுவந்தது இப்படித் தொடங்கியது: "வானம் கறுத்தது. இடி முழங்கியது. ஆறு பெருக்கெடுத்தது. மக்கள் கதறினர்." முடிவில் "இயற்கையைப் பாதுகாப்போம்." பள்ளிக்கூடக் கட்டுரைக்கு நல்ல புள்ளி கிடைக்கும். நான் ஒரு கேள்விதான் கேட்டேன்: "தண்ணி வந்தவுடன முதல்ல எதைத் தூக்கி மேல வச்சீங்க?"

"ராத்தாட நோட்ஸ், டீச்சர். ராத்தா ஏ.எல். எழுதிட்டு இருந்தா. அலுமாரிக்கு மேல வச்சம். பொறகு உம்மாட தையல் மெசின். ஃபிரிட்ஜைத் தூக்க ஏலாமப் போச்சு. அது மிதந்துச்சு."

ஃபிரிட்ஜ் மிதக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். மேலும் கேட்கக் கேட்க வந்தது. ராத்தா, அதாவது அவளுடைய அக்கா, கட்டிலுக்கு மேல் கட்டில் போட்டு ஏறி இருந்து உயிரியல் படித்தாள். ஃபோனில் ஒன்பது வீதம் சார்ஜ். அதில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். களனி கங்கையை அளக்கிற நாகலகம் வீதி நீர்மட்டம் எத்தனை அடி என்பது ஒன்று. இவள் அனுப்பிய ஒரு செய்திக்குப் பதில் வந்ததா என்பது மற்றது. எதை முதலில் பார்த்தாள் என்று கேட்டேன். சிரித்தாள், சொல்லவில்லை. சோதினை நிப்பாட்டியாச்சு என்று செய்தி வந்தபோது ராத்தா அழுதாள். "சந்தோசத்துலயா கவலையிலயான்னு எனக்கு வெளங்கல்ல, டீச்சர்."

பேரழிவுப் படங்களுக்கும் இந்த வகைக் கதைக்கும் உள்ள வேறுபாட்டை நான் இதைவிட நன்றாக விளக்க முடியாது. படத்தில் அலை பெரிதாகவும் ஆள் சிறிதாகவும் இருக்கும். இங்கே ஆற்றின் அடிக்கணக்கும் அந்தப் பதில் வராத செய்தியும் ஒரே அளவு எழுத்தில் அச்சாகும். ஆற்றைப் பெரிதாக்கினால் துண்டுப்பிரசுரம் ஆகிவிடும். செய்தியை மட்டும் பெரிதாக்கினால் மழைப் பின்னணியில் ஒரு காதல் கதை. அது ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது.

எழுத நினைப்பவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. கதைக்குள் ஒரு மாமாவையோ ஆசிரியரையோ கொண்டுவந்து பச்சைவீட்டு வாயுவை விளக்க விடாதீர்கள். 2018இல் காலநிலைக்காகச் சுவீடன் பாராளுமன்றத்தின் முன் போய் உட்கார்ந்தபோது கிரேட்டா துன்பெர்க்குக்கு வயது பதினைந்து. இந்த விஷயத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிற தகுதி எங்கள் தலைமுறைக்கு இல்லை. அதற்காக உங்கள் நாயகியை இன்னொரு கிரேட்டாவாக்கவும் வேண்டாம். பெரும்பாலான பிள்ளைகள் போராட்டத்துக்குப் போவதில்லை. ஈரச் சப்பாத்தோடு பள்ளிக்கூடம் போகிறார்கள்.

இரண்டு கிழமை கழித்து வெல்லம்பிட்டிப் பிள்ளை தன் கதையின் புது வடிவம் கொண்டுவந்தாள். இடி முழங்கவில்லை. கதை சுவரில் தொடங்கியது. அவர்கள் வீட்டு முன்னறைச் சுவரில் இரண்டு சேற்றுக் கோடு. ஒன்று 2016 மே வெள்ளம், ஒன்று 2025. உம்மா ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் சுண்ணாம்பு அடிக்கிறாள். மழை தொடங்கினால் கோடு வெளியே கசிந்து வந்துவிடுகிறது. மற்ற வீடுகளில் பிள்ளைகளின் உயரத்தைக் கதவு நிலையில் பென்சிலால் குறிப்பார்கள். அவளுடைய வாப்பா அவளை அந்தப் பழைய கோட்டுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பாராம். "அப்ப அது எனக்குத் தலைக்கு மேல. இப்ப நெஞ்சுக்குத்தான் வருது."

அந்த இடத்தில் நெயிலர் ஞாபகம் வந்ததா என்று பொடியன் அவளைக் கேட்டான். குழாய்க்குள் போக முடியாமல் வளர்கிறவனும், வெள்ளக் கோட்டைத் தாண்டி வளர்கிறவளும். அவள் யோசித்துவிட்டு, "அவனுக்கு வளர்றது நட்டம், எனக்கு லாபம்" என்றாள். பிறகு, "அடுத்த வெள்ளம் எவ்வளவு வரும்னு தெரியாதுதானே" என்றும் சொன்னாள்.

கதை ராத்தா ஜனவரியில் மிச்சப் பாடம் எழுதப் போகிற காலையோடு நிற்கிறது. நோட்ஸ் காய்ந்து, தாள்கள் அப்பளம் மாதிரி நெளிந்து, சிவப்பு மை கரைந்து படம் எது, விளக்கம் எது என்று தெரியாமல் இருக்கிறது. முடிவு எங்கே என்று கேட்டேன். "ரிசல்ட்ஸ் வரட்டும், டீச்சர்" என்றாள்.